மேனேஜரின் நூறாவது நாள்

ஓய்வு பெறுகிறவர்களுக்குக் கைக்கடிகாரம் கொடுத்து அனுப்பும் அந்தத் தொழிற்சாலை, ஆபீசருக்கு மட்டும் ஒரு போர்டைக் கொடுத்து அனுப்பியது. அவரே கேட்டு வாங்கியதுதான். பச்சைத் தகரத்தில் வெள்ளை எழுத்தில் 'விபத்தில்லா நாட்கள்' என்று எழுதி, கீழே மூன்று கொக்கிகள் இருக்கும். கொக்கிக்கு ஒன்றாக எண் தகடு மாட்டிக்கொள்ளலாம். வருஷக்கணக்கில் வாசல் கேட்டில் தொங்கிய போர்டு. விளக்கு எரிகிற புதுப் போர்டு வந்ததும் பழைய இரும்புக் கடைக்குப் போகவிருந்ததை, பாதுகாப்பு அதிகாரி என்ற முறையில் ஆபீசர் காப்பாற்றி வீட்டுக்குக் கொண்டுவந்தார்.

வீட்டில் அதற்கு ஒரு வேலையும் இல்லை. நாலு வருஷம் கட்டிலுக்கு அடியில் கிடந்தது. ஆபீசருக்கும் ஏறக்குறைய அதே நிலைமைதான். கூடத்துச் சுவரில் மாட்டியிருந்த புகைப்படம் ஒன்றுதான் பழைய பெருமைக்குச் சாட்சி. விபத்தில்லாத ஐந்நூறாவது நாளன்று எடுத்தது. நடுவில் கேடயத்தோடு ஆபீசர், சுற்றிலும் கைதட்டிக்கொண்டிருக்கும் தொழிலாளர்கள். கடைசி வரிசையில் ஒரு ஃபிட்டர் மட்டும் வலது கையை பேன்ட் பைக்குள் விட்டுக்கொண்டு நிற்பான். யார் வீட்டுக்கு வந்தாலும் ஆபீசர் அவனைத் தொட்டுக் காட்டுவார்.

"பாருங்க, ஐந்நூறு நாள். ஊரே கைதட்டுது. இவனுக்கு மட்டும் பையிலேர்ந்து கையை எடுக்க மனசு வரல. திமிரு."

வந்தவர்களும் ஆமாமா என்பார்கள். வேறென்ன சொல்வது?

இந்த நிலையில்தான் மேனேஜருக்குச் சர்க்கரை நோய் வந்தது. மேனேஜர் என்பது அந்த வீட்டுப் பூனை. பதினோரு வயது, செம்பட்டை நிறம், ஆண். வேலை எதுவும் செய்யாது, வேளாவேளைக்கு மேசைக்கு வந்துவிடும், எல்லோரையும் ஒரு மாதிரி பார்க்கும் என்பதால் மகள் வைத்த பெயர். குடம் குடமாகத் தண்ணீர் குடித்து, குடித்ததையெல்லாம் மண்தட்டில் இறக்கி, எவ்வளவு தின்றாலும் உடம்பு ஒட்டாமல் முதுகெலும்பு தெரிய ஆரம்பித்தபோது, ஆபீசரின் மனைவி அதை டாக்டரிடம் தூக்கிக்கொண்டு ஓடினாள்.

டாக்டர் அம்மாவுக்குச் சுற்றி வளைத்துப் பேசத் தெரியாது.

"இன்சுலின் ஊசி, காலைல ஏழு, சாயங்காலம் ஏழு. ரெண்டு யூனிட். முதல்ல காது நுனில குத்தி ஒரு சொட்டு ரத்தம் எடுத்து இந்த மெஷின்ல பாக்கணும். நூறுக்குக் கீழ இருந்தா ஊசி கிடையாது, எனக்கு ஃபோன் பண்ணணும். சாப்பிடலேன்னாலும் ஊசி கிடையாது. போட்டோமா இல்லையான்னு சந்தேகம் வந்தா போடாதீங்க. ஒரு வேளை விட்டுப்போனா ஒண்ணும் குடி முழுகாது. கூடுதலாப் போயிட்டா பூனை கையை விட்டுப் போயிடும். தள்ளாடினா, சுருண்டு விழுந்தா, ஈறுல தேனைத் தடவி நேரா இங்க கொண்டுவாங்க. இங்க வந்தா பயத்துலயே சர்க்கரை ஏறிடும், அதனால நான் பாக்கற அளவை நம்ப முடியாது. நீங்க வீட்டுல எழுதற அளவை வெச்சுத்தான் மருந்தைக் கூட்டுவேன், குறைப்பேன். புரியுதா?"

மனைவிக்குப் பாதிதான் புரிந்தது. ஆபீசருக்கோ முகம் மலர்ந்துவிட்டது. நேரம், அளவு, தடை, எச்சரிக்கை, பதிவேடு! நாலு வருஷத்தில் முதல்முறையாக அவருக்குப் புரிகிற பாஷையில் ஒருவர் பேசியிருக்கிறார். அன்று மாலையே கட்டிலுக்கு அடியிலிருந்து போர்டு வெளியே வந்து, தூசு துடைக்கப்பட்டு, ஃபிரிட்ஜுக்குப் பக்கத்துச் சுவரில் ஏறியது.

பதினாலு பக்கத்துக்குச் செயல்முறை விதிகள் எழுதினார். மருந்து பாட்டிலைக் குலுக்கக் கூடாது, உள்ளங்கையில் வைத்து உருட்ட வேண்டும். ஃபிரிட்ஜ் கதவில் வைக்கக் கூடாது, நடுத்தட்டில் வைக்க வேண்டும். இந்த மருந்துக்கு இந்தக் கோடு போட்ட சிரிஞ்சுதான், மனிதர்களுக்கான சிரிஞ்சை எடுத்தால் அளவு தப்பிவிடும் என்பதைச் சிவப்பு மையில் எழுதி மூன்று இடத்தில் ஒட்டினார். இவ்வளவும் சரியான விதிகள் என்பதை இங்கே சொல்லியாக வேண்டும், மனுஷன் மேல் அபாண்டம் கூடாது. கொஞ்சம் தூக்கலாகப் போனது அடுத்த பக்கங்களில்தான். தேன் பாட்டிலை ஒரு பிளாஸ்டிக் பெட்டியில் போட்டு, மூடியில் காகித முத்திரை ஒட்டி, அதன்மேல் கையெழுத்திட்டு, மருந்தோடு ஃபிரிட்ஜுக்குள் வைத்தார். முத்திரை கிழிந்தால் அது விபத்து. ஊசி வளைந்தால் விபத்து. யாருக்காவது ஒரு கீறல் விழுந்தால் விபத்து. மெஷினில் நூறுக்குக் கீழே காட்டினால் அது நூலிழையில் தப்பிய விபத்து, அதுவும் கணக்கில் சேரும். விபத்து என்றால் போர்டு பூஜ்யத்துக்குப் போகும், விசாரணை நடக்கும்.

ஊசி போடும் வேலையை மட்டும் அவர் வைத்துக்கொள்ளவில்லை. அவர் மேற்பார்வை. கையுறை, முகக்கவசம், கண்ணாடி எல்லாம் மாட்டிக்கொண்டு முதல்நாள் அவர் கிட்டே போனதும் மேனேஜர் அலமாரி உச்சிக்கு ஏறி ஆறு மணி நேரம் இறங்கவில்லை. அதனால் மனைவியோ மகளோ பூனையைத் தூக்கிக்கொண்டு துணி துவைக்கும் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வார்கள். ஆபீசர் வெளியே நாற்காலி போட்டு, மடியில் பதிவேட்டோடு குரல் கொடுப்பார்.

"பாட்டிலை உருட்டு!"

"உருட்டியாச்சு!"

"காத்துக் குமிழ் இருக்கா?"

"இல்ல!"

"தோலைத் தூக்கிப் பிடி!"

"அப்பா, நீங்க கத்தறதுல அது பயப்படுது!"

"பயந்தா பரவால்ல, பதிவு சரியா இருக்கணும்!"

பதினோராவது நாள், மூக்குக் கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கும் மகள் அவசரத்தில் ஊசிக்கு மூடி போடும்போது கட்டைவிரலில் குத்திக்கொண்டாள். ஒரு துளி ரத்தம். தண்ணீரில் கழுவிவிட்டு வேலைக்குப் போயிருப்பாள், ஆபீசர் விட்டால்தானே? போர்டில் பூஜ்யம் ஏறியது. சாப்பாட்டு மேசையில் விசாரணை கூடியது. அடிப்படைக் காரணத்தைக் கண்டுபிடிக்க ஐந்து முறை ஏன் என்று கேட்க வேண்டும் என்பது அவர் கற்ற வித்தை.

"ஏன் குத்திச்சு?"

"கை ஆடிச்சு."

"ஏன் ஆடிச்சு?"

"பூனை உதறிச்சு."

"ஏன் உதறிச்சு?"

"ஊசி குத்திச்சு."

"அதான் ஏன் குத்திச்சுன்னு கேக்கறேன்."

"அப்பா, எனக்கு கடைக்கு நேரமாச்சு."

விசாரணை மூன்று நாள் நடந்தது. மகள் எழுத்துமூலம் விளக்கம் கொடுத்தாள். அம்மாவும் மகளும் இரண்டு மணி நேரப் பயிற்சி வகுப்பில் உட்கார்ந்தார்கள், முடிவில் பரீட்சை. மனைவி எழுபத்திரண்டு மதிப்பெண் வாங்கினாள். இருபத்தெட்டு எங்கே போனது என்று ஆபீசர் ஒரு வாரம் கேட்டுக்கொண்டிருந்தார்.

அதற்குப் பிறகு அந்த வீட்டில் விபத்து என்பதே நடக்கவில்லை. என்ன அதிசயம்! பத்து, இருபது, ஐம்பது என்று தகடுகள் மாறிக்கொண்டே போயின. மேனேஜரும் சதை பிடித்து மினுமினுப்பாக ஆனது. பதினைந்து நாளுக்கு ஒருமுறை ஆபீசர் பதிவேட்டை ஃபைலில் போட்டு, மேனேஜரைக் கூடையில் போட்டு, தானே டாக்டரிடம் கொண்டுபோவார். டாக்டர் அம்மா பக்கங்களைப் புரட்டிவிட்டு, "இவ்வளவு ஒழுங்கா யாரும் எழுதிக்கொண்டு வந்ததில்ல. அளவெல்லாம் நூத்தி அறுபது, நூத்தி எழுபதுன்னே நிக்குது. அதே ரெண்டு யூனிட்டே போகட்டும்" என்பாள். ஆபீசர் வீட்டுக்கு வரும்வரை தரையில் கால் பாவாது.

தொண்ணூற்று ஒன்பதாம் நாள் மாலை, மனைவியின் அக்காவுக்குக் கண் ஆபரேஷன் மறுநாள் காலை என்று செய்தி வந்தது. அம்மாவும் மகளும் விடிகாலை ஆறு மணிக்கே கிளம்ப வேண்டும். மறுநாள் காலை வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே மனைவி தயங்கி நின்றாள்.

"ஏங்க, இன்னைக்குக் காலை ஊசி வேண்டாமே. ஒரு வேளைதானே? சாயங்காலம் நான் வந்து பாத்துக்கறேன்."

ஆபீசர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். "நூறாவது நாள். பதிவேட்டுல ஒரு கட்டத்தைக் காலியா விடணுமா?"

"டாக்டரே சொன்னாங்க, விட்டா தப்பில்லைன்னு."

"எனக்கு முப்பது வருஷ அனுபவம் இருக்கு."

அவள் வாயைத் திறந்தாள். ஏதோ சொல்ல வந்தாள். மகள் பின்னாலிருந்து அம்மாவின் முழங்கையைத் தொட்டதும் வேறு ஒன்றைச் சொன்னாள். "சரி. காதுல குத்திப் பாக்காம மட்டும் போட்டுடாதீங்க. கெஞ்சிக் கேக்கறேன்."

"அந்த விதியை எழுதினதே நான்தான். பக்கம் ஆறு" என்றார் ஆபீசர்.

ஏழு மணிக்கு மேனேஜர் தட்டில் இருந்ததில் பாதிக்கு மேல் சாப்பிட்டது. விதிப்படி அது போதும். ஆபீசர் துணி துவைக்கும் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு, முதல்முறையாகத் தன் கையால் காரியத்தில் இறங்கினார். மூன்று மாதத்துக்கு மேலாக வெளியிலிருந்து கட்டளை போட்டவருக்கு, உள்ளே இருப்பவருக்கு மூன்று கை வேண்டும் என்பது அப்போதுதான் தெரிந்தது. ஒரு கை பூனைக்கு, ஒரு கை காதுக்கு, ஒரு கை மெஷினுக்கு. முதல் குத்தில் ரத்தம் வரவில்லை. இரண்டாவதில் வந்த சொட்டு காதின் முடியில் பரவிவிட்டது. மூன்றாவது முறை மேனேஜர் ரத்தம் எடுத்தது, ஆனால் அவருடைய ரத்தம். மணிக்கட்டில் நீளமாக மூன்று கோடு.

கீறல் விபத்தா? பக்கம் எட்டின்படி விபத்துதான். ஆனால் அங்கே பார்த்தவர் யாரும் இல்லை. முதலுதவியோடு முடிந்துபோவதை விபத்தில் சேர்க்க வேண்டியதில்லை என்று தொழிலில் ஒரு கருத்தும் உண்டு. ஆபீசர் அந்தக் கருத்துக்கு வந்தார். மருந்து தடவி, பஞ்சு வைத்து ஒட்டி, முழுக்கைச் சட்டையைப் போட்டுப் பொத்தானையும் மாட்டிக்கொண்டார்.

பிறகு பதிவேட்டைத் திறந்து கடந்த ஒரு மாதத்தை வாசித்தார். 162, 171, 158, 166, 169. ராணுவ அணிவகுப்பு போல ஒரே சீராக நின்றன. இன்றைக்கு மட்டும் வேறாக இருக்குமா என்ன? காலைக் கட்டத்தில் 165 என்று எழுதினார். இதைப் பொய் என்று யாராவது சொல்லியிருந்தால் அவருக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்திருக்கும். மதிப்பீடு என்று சொல்லியிருப்பார்.

மற்றதில் ஒரு குறையும் இல்லை. பாட்டிலை உருட்டினார். சரியான சிரிஞ்சு, சரியாக இரண்டு யூனிட், காற்றுக் குமிழ் கிடையாது. கழுத்துக்குக் கீழே தோலைத் தூக்கிப் பிடித்துச் செலுத்தினார். மேனேஜர் அசையக்கூட இல்லை. கையெழுத்திட்டார். இரண்டு ஒன்பதுகளையும் கழற்றி, ஒன்று, பூஜ்யம், பூஜ்யம் என்று மூன்று தகடுகளை மாட்டினார். சாயங்காலம் எல்லோரும் வந்ததும் புகைப்படம் எடுக்கலாம் என்று நினைத்தார்.

பத்தேகால் மணிக்குக் கூடத்தில் ஏதோ இடறும் சத்தம் கேட்டது. மேனேஜர் சோபாவிலிருந்து இறங்கியிருந்தது. நாலு அடி வைத்தது, பின்னங்கால்கள் வேறு திசைக்குப் போயின. சுவரில் தலையை முட்டிக்கொண்டு நின்று, அவர் பக்கம் பார்த்தது. கண்மணிகள் பெரிதாக விரிந்திருந்தன. அந்தப் பார்வையில் ஆபீசர் இல்லை, சுவர் இல்லை, எதுவும் இல்லை. அப்படியே பக்கவாட்டில் சரிந்து கால்களை உதற ஆரம்பித்தது.

ஆபீசர் ஃபிரிட்ஜுக்கு ஓடினார். பிளாஸ்டிக் பெட்டியை எடுத்தார். தன் கையெழுத்துப் போட்ட முத்திரையைக் கிழித்தார். தேன் பாட்டிலைக் கவிழ்த்தார். ஒன்றும் விழவில்லை. மூன்று மாதம் குளிரில் இருந்த தேன் அடியில் கல்லாக உறைந்திருந்தது. கரண்டியை விட்டுக் குத்தினார், கரண்டி வளைந்தது.

மனைவிக்கு ஃபோன் போட்டார்.

"விழுந்துடுச்சு. உதறுது. தேன் கெட்டியாப் போச்சு."

மறுமுனையில் ஒரு கேள்வியும் இல்லை. அவள் குரல் அவசரத்திலும் தெளிவாக இருந்தது. "தையல் மெஷின் டிராயரைத் திறங்க. நூல்கண்டுக்குப் பின்னால இன்னொரு பாட்டில் இருக்கு. வாய்க்குள்ள ஊத்தாதீங்க, புரையேறிடும். விரல்ல தொட்டு உதட்டை விலக்கி ஈறுல தடவுங்க. பல்லுக்கு நடுவுல விரலை விட்டுடாதீங்க."

டிராயரில் பாட்டில் இருந்தது. முக்கால்வாசி காலியாக இருந்தது.

பிசுபிசுத்த பாட்டிலைக் கையில் வைத்துக்கொண்டு ஆபீசர் ஒரு கணம் நின்றார். "இது எப்ப... எத்தனை தடவை..."

"அய்யோ, விசாரணை அப்புறம் வெச்சுக்கோங்க! தடவுங்க முதல்ல!"

தடவினார். தரையில் மண்டியிட்டு, முழுக்கைச் சட்டையெல்லாம் தேனாக, ஈறில் தடவி, மறுபடி தொட்டு, மறுபடி தடவி. "டேய் மேனேஜர், டேய் ராஜா, வாடா, போயிடாதடா" என்று வாய்விட்டு அரற்றினார். அந்தப் பூனையை அவர் பதினோரு வருஷத்தில் ஒரு தடவை கூட ராஜா என்று கூப்பிட்டதில்லை. நாலைந்து நிமிஷத்தில் உதறல் கொஞ்சம் அடங்கியது. துண்டில் சுருட்டி எடுத்துக்கொண்டு, செருப்புகூட மாட்டாமல் தெருவில் இறங்கினார்.

டாக்டர் அம்மா காதில் ஒரே குத்து. மெஷின் 31 என்றது. உடனே முன்னங்காலில் குழாயைச் செருகி குளுக்கோஸ் ஏற்றினாள். எல்லாம் ஓடத் தொடங்கிய பிறகு ஃபைலைத் திறந்தாள். எவ்வளவு பதற்றத்திலும் ஆபீசர் ஃபைலை மறக்கவில்லை.

"காலைல நூத்தி அறுபத்தஞ்சு போட்டிருக்கீங்க. மூணே கால் மணி நேரத்துல இவ்வளவு இறங்கணும்னா மருந்து அளவு தப்பிருக்கணும். எவ்வளவு போட்டீங்க?"

"ரெண்டு யூனிட்."

"நிச்சயமா? சிரிஞ்சு மாறலயே? ரெண்டு தடவை போடலயே? இதைப் பொறுத்துத்தான் நான் இதை எத்தனை மணி நேரம் இங்க வெச்சிருக்கணும்னு முடிவு பண்ணணும். இந்த நூத்தி அறுபத்தஞ்சு நிஜம்தானே?"

ஆபீசர் மேசைமேல் கிடந்த பூனையைப் பார்த்தார். பாதி திறந்த வாயின் ஓரத்தில் தேன் ஒட்டியிருந்தது. விபத்து விசாரணைகளில் எதிர் நாற்காலியில் உட்கார்ந்தவர்கள் ஏன் அவ்வளவு நேரம் எடுத்துக்கொண்டு பதில் சொன்னார்கள் என்பது அப்போது அவருக்குப் புரிந்தது.

"நான் குத்திப் பாக்கல டாக்டர்" என்றார். "முயற்சி பண்ணேன். கீறிடுச்சு. சும்மா எழுதினேன்." முழுக்கைச் சட்டையின் பொத்தானைக் கழற்றி மணிக்கட்டைக் காட்டினார். யாரும் அதைக் காட்டச் சொல்லவில்லை.

டாக்டர் அம்மா ஏதோ சொல்ல வாயெடுப்பதற்குள் கதவு திறந்தது. மனைவியும் மகளும் டாக்ஸியில் வந்து இறங்கியிருந்தார்கள். மனைவி நேராக மேசைக்குப் போய் மேனேஜரின் நெற்றியில் கையை வைத்தாள். பிறகு கைப்பையைத் திறந்து ஒரு சின்ன நோட்டை எடுத்து டாக்டரிடம் நீட்டினாள். மளிகைச் சாமான் எழுதுகிற நோட்டு.

"நிஜமான அளவு இதுலதான் இருக்கு" என்றாள்.

டாக்டர் அம்மா ஃபைலையும் நோட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். நோட்டில் 62. பதிவேட்டில் 162. நோட்டில் 71, பதிவேட்டில் 171. 58, 158. ஐந்து வாரமாக அதே கதை. முன்னால் ஒரு சின்னக் கோடு, அவ்வளவுதான் வேலை.

"நூறுக்குக் கீழ வந்தா போர்டு பூஜ்யமாயிடும்" என்றாள் மகள், தரையைப் பார்த்துக்கொண்டு. "அப்புறம் விசாரணை, விளக்கக் கடிதம், பயிற்சி வகுப்பு. அம்மாவால இன்னொரு பரீட்சை எழுத முடியாது டாக்டர். அதனால அளவு கம்மியா இருந்தா ஊசி போட மாட்டோம். மருந்தை மட்டும் சிரிஞ்சுல எடுத்து வாஷ்பேசின்ல விட்டுடுவோம். அப்பா சனிக்கிழமை சனிக்கிழமை பாட்டில்ல கோடு போட்டுப் பாப்பாங்க. ஆரம்பத்துல, ஊசி போட்ட நாள்லயே ரெண்டு தடவை தள்ளாடிச்சு, தேன் தடவினோம், சரியாயிடுச்சு."

"எனக்கு ஒரு ஃபோன் பண்ணத் தோணலயா?"

"பண்ணினா நீங்க ஃபைல்ல எழுதுவீங்க. ஃபைல் அவர்கிட்ட இருக்கு" என்றாள் மனைவி.

டாக்டர் அம்மா நாற்காலியில் சாய்ந்தாள். கோபத்தில் இருக்கிறாளா சிரிக்கப் போகிறாளா என்று தெரியவில்லை. கடைசியில் கோபம்தான் வந்தது, மூவருக்கும் சேர்த்து. "இந்தப் பூனைக்கு ஐந்து வாரத்துக்கு முன்னாடியே உடம்பு சரியாயிட்டு வந்திருக்கு. சில பூனைங்களுக்கு அப்படி ஆகும், சர்க்கரை தானா அடங்கும், ஊசியே தேவைப்படாமப் போயிடும். இந்த மளிகை நோட்டு என் கைக்கு வந்திருந்தா அன்னைக்கே மருந்தைக் குறைச்சிருப்பேன். நீங்க ரெண்டு பேரும் தெரிஞ்சுகிட்டு சொல்லல. இவர் தெரியாமலே ரெண்டு யூனிட் போட்டிருக்கார். பூனைக்கு வந்த வியாதி போயிடுச்சு, உங்க வீட்டுக்கு வந்தது போகல."

மனைவி அழுதாள். "காலைல வாசல்ல சொல்லியிருக்கணும். வாய் வரைக்கும் வந்துச்சு" என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். அவள் தோளில் கை வைக்கலாமா என்று ஆபீசர் யோசித்தார். கை தேனாக இருந்தது. வைத்தார்.

மதியம் மூன்று மணிக்கு மேனேஜர் தலையைத் தூக்கி, சுற்றி நிற்கிற நாலு பேரையும் வழக்கமான பார்வை பார்த்தது. தட்டை வைத்ததும் சாப்பிட்டது. ஒரு நாள் தங்கட்டும், ஊசி வேண்டாம், நாளைக்கு அளவு பார்த்துச் சொல்கிறேன் என்றாள் டாக்டர் அம்மா. ஃபைலைத் திருப்பிக் கொடுத்துவிட்டு மளிகை நோட்டை வைத்துக்கொண்டாள்.

வீட்டுக்கு வந்ததும் ஆபீசர் நேராக ஃபிரிட்ஜ் பக்கம் போனார். மகள் பின்னாலேயே வந்தாள், அப்பா ஏதாவது எழுதப் போகிறாரோ என்ற பயத்தில். அவர் முதல் கொக்கியிலிருந்து ஒன்று என்ற தகட்டை மட்டும் கழற்றினார். மீதி இரண்டு பூஜ்யங்களும் அப்படியே தொங்கின. வேறு எதையும் மாற்ற வேண்டியிருக்கவில்லை.

"விளக்கம் எழுதணுமாப்பா?" என்றாள் மகள்.

"நீ ஏம்மா எழுதணும்" என்றார்.

தகட்டைக் கையில் வைத்துக்கொண்டே கூடத்துக்கு வந்து புகைப்படத்தின் முன்னால் நின்றார். கேடயம் பளபளத்தது. நாற்பது பேர் கைதட்டிக்கொண்டிருந்தார்கள். கடைசி வரிசையில் ஃபிட்டர், வலது கை பைக்குள். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு இன்னும் கிட்டே போய்ப் பார்த்தார். பையின் விளிம்பில் வெள்ளையாக ஏதோ ஒரு நூல் தெரிந்தது. இத்தனை வருஷமாக அது படத்தில் விழுந்த கீறல் என்று நினைத்திருந்தார். கட்டுத் துணியின் ஓரம் அது.

தொழிற்சாலையில் வருகைக் கணக்கு எழுதிவந்த பழைய டைம்கீப்பரின் எண் அவரிடம் இருந்தது. போட்டார். நலம் விசாரித்து முடிந்ததும் தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

"அந்த ஐந்நூறாவது நாள் படத்துல கடைசில ஒரு ஃபிட்டர் நிப்பானே. அவன் கையில... அன்னைக்கு ஏதாவது ஆயிருந்துதா?"

"ரெண்டு விரல் சார்" என்றார் டைம்கீப்பர். "முந்தின நாள் சாயங்காலம், பிரஸ் மெஷின்ல. மறுநாள் விழா வெச்சிருந்தீங்க, கேடயமெல்லாம் வந்து இறங்கிடுச்சு. அவனே சொல்ல வேண்டாம்னுட்டான். ஃபேக்டரில எல்லாருக்கும் தெரியும் சார். உங்களுக்கு மட்டும்தான் சொல்லல."